உத்தரிக்கிற ஸ்தலம்: கடனா, கறையா? பாறசாலை எல்லையில் இன்னும் தீராத ஒரு வாதம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் ரயில் பாதையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது தனுவச்சபுரம். இங்கிருந்து களியக்காவிளை வழியாகக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லையின் இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. கிறிஸ்தவ சபைகளும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பங்குத்தந்தை வந்து மந்திரிக்கக் காத்திருப்பார்கள். யாருக்காக வேண்டுகிறீர்கள் என்று கேட்டால், தமிழ் பேசும் பெரியவர்களிடம் கிடைக்கும் பழைய பதில், "உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக". மலையாளத்தில் பழகிய வீட்டில் இதே இடத்துக்குப் பெயர் "சுத்தீகரணஸ்தலம்".

இரண்டும் ஒரே கோட்பாட்டின் பெயர்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. தமிழில் 'உத்தரித்தல்' என்றால் ஈடுசெய்தல், கடனைத் தீர்த்தல், அதற்காகப் பாடு அனுபவித்தல். நெடுநாள் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து "கிடந்து உத்தரிக்கிறாரே" என்று சொல்வதும் இதிலிருந்துதான். (கழுத்தில் போடும் உத்தரியம் வேறு. அது மேலாடை என்ற பொருளில் வந்த சொல்.) மலையாளச் சொல்லில் கடன் கிடையாது. அழுக்குப் போகக் கழுவுவது மட்டுமே இருக்கிறது.

இறந்தவருக்கு மிச்சம் இருப்பது கடனா, கறையா? உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டிலோ, கட்டிக்கொடுத்த வீட்டிலோ "பாட்டிக்குப் பூசை வைக்கணுமா, வேண்டாமா" என்று பேச்சு வந்திருந்தால், அதற்கு அடியிலும் இதுதான் கிடக்கிறது.

கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது?

பலரும் நினைப்பது போல இது நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவிலான மூன்றாவது முடிவு அல்ல. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1030 முதல் 1032 வரையிலான மூன்றே பத்திகளில் இதைச் சொல்லி முடிக்கிறது. கடவுளின் அருளில், நட்பில் இறந்தவர்கள், ஆனால் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்கள், மோட்சத்துக்குள் நுழையும் முன் பெறும் தூய்மைப்படுத்தல் இது. அங்கே இருப்பவர் எவரும் நரகத்துக்குப் போகப் போவதில்லை. இரண்டாவது வாய்ப்பும் அங்கே கிடையாது. தீர்ப்பு ஏற்கெனவே சாதகமாக முடிந்துவிட்டது, தயாராவது மட்டும்தான் பாக்கி.

'லிம்போ' என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இடைக்கால இறையியலாளர்கள் சொன்ன ஊகம் அது. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் சொல்லிவிட்டது.

இன்னொரு வேறுபாட்டுக்கு இந்த மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நட்டாலத்தைச் சேர்ந்த தேவசகாயம் பிள்ளை 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர் என்றால் அவர் மோட்சத்தில் இருக்கிறார் என்று திருச்சபை உறுதியாகச் சொல்கிறது என்று பொருள். ஆகவே அவருக்காக யாரும் வேண்டுவதில்லை, அவரிடம் வேண்டுகிறார்கள். உங்கள் தாத்தாவுக்கு அந்த அறிவிப்பு வரவில்லை. அதனால் அவருக்காக வேண்டுகிறீர்கள். இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேதத்தில் எங்கே இருக்கிறது?

சபை மாறித் திருமணம் செய்த வீடுகளில் முதலில் விழும் கேள்வி இதுதான். அந்தச் சொல் வேதாகமத்தில் எங்குமே இல்லை. கத்தோலிக்கர் முதலில் காட்டுவது இரண்டாம் மக்கபேயர் நூலின் 12ஆம் அதிகாரம். யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே, போரில் இறந்த வீரர்களைப் புதைக்கப் போகிறார். அவர்களின் உடைக்குள் யாம்னியா ஊரின் தெய்வங்களுக்குரிய தாயத்துகள் கிடைக்கின்றன. உடனே படையினரிடம் 2,000 வெள்ளி திராக்மா வசூலித்து, அவர்களுடைய பாவத்துக்குப் பரிகார பலி செலுத்தும்படி எருசலேமுக்கு அனுப்புகிறார்.

சிக்கல் எங்கே என்றால், சிஎஸ்ஐ வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் இந்த நூலே கிடையாது. எபிரேய வேதத்தில் இல்லாத நூல்களைச் சீர்திருத்தத் திருச்சபைகள் ஏற்பதில்லை. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உழைத்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில்கூட இவை 'இணைத் திருமுறை' என்ற தனிப் பெயரில்தான் வருகின்றன. ஒரு தரப்பு ஆதாரம் காட்டும் பக்கம் மறுதரப்பின் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இல்லை. வாதம் முடியாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

நூலை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கூர்மையான எதிர்க்கேள்வி நிற்கிறது. தாயத்து வைத்திருந்தது விக்கிரக வழிபாடு. கத்தோலிக்கக் கணக்கில் அது சாவான பாவம். சாவான பாவத்தோடு இறந்தவர் போவது நரகத்துக்கு, உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு அல்ல. அப்படியானால் இந்தக் கதை அந்தக் கோட்பாட்டை எப்படி நிரூபிக்கும்? கத்தோலிக்கர் தரும் பதில், இறந்தவர்களுக்காக வேண்டும் வழக்கம் கிறிஸ்துவுக்கு முன்பே யூதரிடம் இருந்தது என்பதற்குத்தான் இந்தப் பகுதி சாட்சி என்பது. அந்த அளவுக்கு அது சரி. அதற்கு மேல் அந்தப் பகுதியால் பாரம் தாங்க முடியாது என்பது என் கருத்து.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல், ஒருவரின் வேலைப்பாடு நெருப்பால் சோதிக்கப்படுவதையும், வேலை எரிந்துபோனாலும் அவர் தப்பிப்பதையும் பேசுகிறார். கத்தோலிக்கர் அதையும் காட்டுவார்கள். சீர்திருத்தத் தரப்பு பதிலுக்கு லூக்கா 23ஐத் திறக்கும். சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் தப்பு செய்தவனுக்கே காத்திருப்பு இல்லையென்றால், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன என் அம்மாவுக்கு எதற்கு? இந்தக் கேள்வியின் பலம் அதன் எளிமைதான்.

எப்போது தோன்றியது?

"போப்பு கண்டுபிடித்தது" என்று ஒரு பக்கம் சொல்வார்கள். "அப்போஸ்தலர் காலத்திலிருந்தே இருக்கு" என்று மறுபக்கம். இரண்டும் பாதி உண்மை.

இறந்தவர்களுக்காக வேண்டுவது மிகப் பழையது. 387இல் ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் இறக்கும் தறுவாயில் இருந்த மோனிக்கா, தன்னை எங்கே புதைத்தாலும் பரவாயில்லை, பீடத்தருகே நினைத்துக்கொண்டால் போதும் என்று மகன் அகுஸ்தினாரிடம் கேட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதை ஓர் இடமாக, பெயர்ச்சொல்லாக ஆக்கியது பின்னால் நடந்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 'புர்கதோரியும்' என்ற இலத்தீன் பெயர்ச்சொல் 1170–1180 காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது என்று வாதிட்டார். அதுவரை தூய்மையாக்கும் நெருப்பு, தூய்மையாக்கும் தண்டனை என்று பெயரடையாகவே இருந்தது. பெயர் வந்தபின் இடம் வந்தது, பின்னாலேயே படமும் வந்தது.

1274இல் லியோன், 1439இல் புளோரன்ஸ், 1563 டிசம்பரில் திரெந்து ஆகிய சங்கங்கள் கோட்பாட்டை உறுதி செய்தன. புளோரன்சில் கிரேக்கத் தரப்பு 'நெருப்பு' என்ற சொல்லை ஏற்கவில்லை. இறுதி ஆவணத்திலும் அந்தச் சொல் இல்லை. திரெந்து ஆணை அதைவிடச் சிக்கனமானது. அந்த நிலை உண்டு, அங்குள்ளவர்களுக்கு நம் வேண்டுதலும் குறிப்பாகத் திருப்பலியும் உதவும். அவ்வளவுதான் அது கேட்கும் விசுவாசம். எளிய மக்களிடம் நுணுக்கமான ஊகங்களைப் பிரசங்கிக்க வேண்டாம், வெறும் ஆர்வக் குறுகுறுப்பையும் மூடநம்பிக்கையையும் இழிவான பண லாபத்தையும் தடுக்க வேண்டும் என்று அதே ஆணை ஆயர்களுக்குக் கட்டளையிடுகிறது. சுவரோவியங்களில் தீக்கு நடுவே கைநீட்டி நிற்கும் உருவங்களைப் பார்த்து வளர்ந்த பலருக்கு, நெருப்பு சங்கங்களின் வரையறைக்குள் இல்லை என்ற செய்தியே புதிதாக இருக்கும்.

கடன் என்றால் கணக்கு வரும்

இங்கேதான் தமிழ்ச் சொல் நமக்கு ஓர் உள்விஷயத்தைக் காட்டுகிறது. பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதற்குரிய தண்டனை பாக்கி என்று சொன்னால், அது கடன். கடன் என்றால் அளவு உண்டு. அளவு இருந்தால் எண்ணலாம். வேறொருவர் கட்டலாம். கட்டலாம் என்றால் ஒருநாள் யாராவது காசாக வாங்கத் தொடங்குவார்கள்.

பாப்பரசர் பெரிய கிரகோரியார் (பதவிக்காலம் 590–604) சொன்ன கதையைப் பாருங்கள். அவருடைய மடத்தில் ஜுஸ்துஸ் என்ற துறவி 3 பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்தது சாகும் தறுவாயில் தெரியவருகிறது. மற்றத் துறவிகளோடு சேர்த்துப் புதைக்காமல், காசுகளோடு சேர்த்துக் குப்பைக்குழியில் போடச் சொல்கிறார். பிறகு மனம் இளகி, 30 நாள் தொடர்ந்து அவருக்காகப் பூசை வைக்கச் சொல்கிறார். 30ஆம் நாள் அந்தத் துறவி தன் சகோதரனுக்குத் தோன்றி, இப்போது நன்றாக இருக்கிறேன் என்கிறார். இன்றும் சில குடும்பங்கள் இறந்தவருக்குத் தொடர்ந்து 30 பூசை கேட்பது இந்தக் கதையின் வாரிசு. கதைக்குள் காசும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது.

அடுத்தது பலன்கள். பழைய ஜெபப் புத்தகங்களில் ஒரு செபத்தின் கீழ் '300 நாள் பலன்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலானோர் இதை உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்றே புரிந்துகொண்டார்கள். தரவு வேலை செய்பவள் என்ற முறையில் இது எனக்குப் பிடித்த பிழை, ஏனென்றால் இது அலகுப் பிழை. அந்த நாட்கள் மறுவுலகத்து நாட்களே அல்ல. ஆதித் திருச்சபையில் பகிரங்கப் பாவிகளுக்கு விதிக்கப்பட்ட தவத்தின் 300 நாளுக்கு ஈடான பலன் என்று அர்த்தம். யாரும் சரியாகப் படிக்காத அலகை, 1967 ஜனவரி 1 தேதியிட்ட ஆணையில் பாப்பரசர் 6ஆம் பவுல் அடியோடு நீக்கிவிட்டார். இப்போது 'நிறைபலன்', 'பகுதிப்பலன்' என்ற இரண்டு மட்டுமே உண்டு, நாள் கணக்கு கிடையாது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து வேண்டுவோர், ஒப்புரவு, நற்கருணை உள்ளிட்ட நிபந்தனைகளோடு, இறந்தவருக்காக நிறைபலன் பெறலாம் என்பது இன்றைய விதி.

நடுவில் நடந்ததுதான் உலகத்துக்கே தெரியும். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் தேவைப்பட்டது. ஜெர்மனியில் டெட்சல் என்ற துறவி பலன் பத்திரங்களை விற்றார். 1517 அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர் 95 வாதங்களை முன்வைத்தார். அவற்றில் 82ஆவது, சாதாரண மக்கள் கேட்பதாக அவர் எடுத்துச் சொல்லும் கேள்வி. கட்டடத்துக்காகக் காசு வாங்கி ஆன்மாக்களை விடுவிக்க முடிகிற பாப்பரசர், அன்பின் பொருட்டு அந்த இடத்தையே காலி செய்துவிட்டால் என்ன? இதற்கு இன்றுவரை சுருக்கமான பதில் கிடையாது. ஒரு விவரம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1517இல் லூத்தர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை, அதன் வியாபாரத்தையே எதிர்த்தார். கோட்பாட்டையே வெளிப்படையாகக் கைவிட்டது 1530இல். பணம் வாங்கிக்கொண்டு பலன் தருவதைப் பாப்பரசர் 5ஆம் பத்திநாதர் 1567இல் ரத்து செய்தார். அரை நூற்றாண்டு தாமதம்.

வாதம் இந்த மண்ணுக்கு வந்த வழி

தமிழில் இந்தச் சண்டை தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் அச்சுக்கூடமும் தமிழ்ப் புதிய ஏற்பாடும் வந்தன. எதிர்த்தரப்பில் நின்றவர் நமக்குச் சதுரகராதியும் தேம்பாவணியும் தந்த வீரமாமுனிவர். 1728இல் 'வேத விளக்கம்' எழுதினார். 'லுத்தேரினத்தியல்பு' என்று இன்னொன்று. தமிழ் உரைநடையின் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படும் இந்த நூல்கள், அவர் காலத்தில் சூடான சபைச் சண்டைப் பிரசுரங்கள்.

தென் திருவிதாங்கூருக்கு வந்தது லண்டன் மிஷன். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் இருந்து பணியாற்றினார். அந்தச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அதே சிஎஸ்ஐயில் சேர்ந்த ஆங்கிலிக்கன் மரபின் 39 விதிகளில் 22ஆவது, உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய ரோமைப் போதனை வேத ஆதாரமற்றது என்று சொல்கிறது. ஆக, இங்கே சிஎஸ்ஐ வீட்டுப் பிள்ளைக்கு இந்த மறுப்பு இரண்டு வழியாகவும் வந்து சேர்கிறது.

மறுபக்கம் இலத்தீன் கத்தோலிக்கர். நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் 1996இல் திருவனந்தபுரத்திலிருந்து பிரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் குழித்துறை மறைமாவட்டம் 2014இல் வந்தது. மூன்றாவதாகச் சீரோ மலங்கரை கத்தோலிக்கர். 1930இல் மார் இவானியோசுடன் ரோமோடு இணைந்த இந்தச் சபைக்கு 2017 முதல் பாறசாலையிலேயே தனி மறைமாவட்டம். மலங்கரை வழிபாட்டில் இறந்தவர்களுக்கான வேண்டுதல் நிறைந்து கிடக்கிறது. தவக்காலத்துக்கு முன் இறந்த குருக்களுக்கு ஒரு ஞாயிறு, இறந்த விசுவாசிகளுக்கு ஒரு ஞாயிறு உண்டு. ஆனால் அந்தச் சிரிய மரபு இலத்தீன் சங்கங்களின் கடன்-தண்டனை மொழியில் வளர்ந்ததல்ல. அவர்களின் பழைய உறவுச் சபையான ஆர்த்தடாக்ஸ் சபையோ இறந்தவர்களுக்காக வேண்டும், உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்காது. வேண்டுவதற்கு அந்தக் கோட்பாடு கட்டாயம் இல்லை என்பதற்குப் பக்கத்துத் தெருவிலேயே சாட்சி இருக்கிறது.

இத்தனை பேரின் எண்ணிக்கையைச் சபைவாரியாகப் பிரித்துப் பார்க்க அரசின் கணக்கெடுப்பு உதவாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிறிஸ்தவர் சுமார் 19 சதவீதம், கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 47 சதவீதம். அதற்குள் கத்தோலிக்கர் எத்தனை, சிஎஸ்ஐ எத்தனை, பெந்தெகொஸ்தே எத்தனை என்ற பிரிவு அதில் இல்லை.

அண்டை வீட்டு வழக்கத்தையும் விட்டுவிட முடியாது. 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இதே தாலுகாவில், நெய்யாற்றின் கரையில் இருக்கிறது. கர்க்கடக வாவு அன்று அங்கே பலி தர்ப்பணம் செய்யக் கூட்டம் திரளும். "நீங்க பூசை வைக்கிறது, நாங்க பலி போடுறது, ரெண்டும் ஒண்ணுதானே" என்பது இங்கே சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. பாசம் ஒன்றுதான், தர்க்கம் வேறு. பலியில் முன்னோருக்கு உணவும் நீரும் போகிறது. அவர்கள் நிறைவடைந்து சந்ததியை வாழ்த்துகிறார்கள். பூசையில் இறந்தவருக்கு எதுவும் ஊட்டப்படுவதில்லை, அவருக்காகக் கடவுளிடம் கேட்கப்படுகிறது. பெந்தெகொஸ்தே போதகர்கள் கல்லறைத் திருநாளை 'பிதுர்க்கடனின் மறுபதிப்பு' என்று தாக்கும்போது இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால், கடன் என்ற சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கமே இரு நூற்றாண்டுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும்போது, அவர்களை மட்டும் குறை சொல்வது எப்படி?

ரோம் மெல்ல மாற்றிய மொழி

1999 ஆகஸ்ட் 4 அன்று பொதுச் சந்திப்பில் பாப்பரசர் 2ஆம் ஜான் பால், இது ஓர் இடத்தைக் குறிக்கவில்லை, ஒரு நிலையைக் குறிக்கிறது என்று சொன்னார். 2007 நவம்பரில் 16ஆம் பெனடிக்ட் வெளியிட்ட நம்பிக்கை பற்றிய சுற்றுமடல் இன்னும் ஓர் அடி போகிறது. எரிப்பதும் மீட்பதும் கிறிஸ்துவே, அவரைச் சந்திப்பதுதான் அந்த நெருப்பு, அந்தச் சந்திப்பின் நீளத்தை இவ்வுலக நேரத்தால் அளக்க முடியாது. 2011 ஜனவரியில், 15–16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெனோவா கத்தரீனைப் பற்றிப் பேசும்போது, அந்தப் புனிதை அதை உள்ளான நெருப்பாகவே பார்த்தார் என்று எடுத்துக்காட்டினார்.

கவனித்தீர்களா? நாள் கணக்கு 1967இல் போனது. இடம் 1999இல் போனது. நேரம் 2007இல் போனது. கடன் மொழியின் மூன்று தூண்கள். கோட்பாடு மாறவில்லை என்று திருச்சபை சொல்லும், சங்கங்களின் வாசகத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் மக்கள் மனத்தில் இருந்த படம் முழுக்க இந்த மூன்றின் மேல்தான் நின்றது. இன்று தமிழிலும் 'தூய்மை பெறும் நிலை' என்று சொல்கிறார்கள். மலையாளச் சொல் ஏற்கெனவே நின்ற இடத்துக்குத் தமிழ் இப்போது வருகிறது.

இதனால் சந்தேகவாதிகளின் கேள்விகள் தீர்ந்துவிட்டனவா? சில தீர்ந்தன. கறை என்றால் விலை பேச முடியாது, தண்டனையின் கொடுமையைக் காட்டிப் பயமுறுத்தவும் முடியாது. ஆனால் புதிதாக ஒன்று முளைக்கிறது. கடனை இன்னொருவர் கட்டலாம். இன்னொருவரின் மனத்தை நான் எப்படிக் கழுவ முடியும்? நேரமே இல்லாத இடத்தில், தாத்தா இறந்து 20 ஆண்டு கழித்து நான் செய்யும் வேண்டுதல் எப்போது போய்ச் சேரும்? பெனடிக்டே இந்தக் கேள்வியை எழுப்பி, எந்த மனிதரும் தனித் தீவு அல்ல, கடவுளிடம் காலம் கடந்துபோவதில்லை என்ற திசையில் பதில் சொல்கிறார். அதை ஏற்பது உங்கள் விசுவாசத்தைப் பொறுத்தது. தர்க்கமாக அது நிரூபணம் ஆகாது, ஆனால் முரண்படவும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மொழி மாற்றம் வீடுகளுக்குள் நேரடியாகப் பயன்படுகிறது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு 1917 சட்டத் தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மறைக்கல்வி நூலின் 2283ஆம் பத்தி, அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது என்கிறது. "அவனுக்குப் பூசை கிடையாது" என்று இன்னும் யாராவது உங்களிடம் சொன்னால், அது காலாவதியான தகவல்.

சரி, காசு விஷயம்?

வெளிப்படையாகப் பேசுவோம். பூசைக் கருத்துக்குக் காணிக்கை வாங்குவது கோட்பாட்டைவிட அதிகமானோரைச் சந்தேகத்துக்குத் தள்ளியிருக்கிறது. விதிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இவை யாராலும் சொல்லப்படுவதில்லை.

இலத்தீன் சபைக்கான 1983 சட்டத் தொகுப்பின் 945 முதல் 958 வரையிலான விதிகள் இதற்கானவை. வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது (947). காணிக்கைத் தொகையை மாநில ஆயர்கள் நிர்ணயிப்பார்கள், குரு அதற்கு மேல் கேட்கக் கூடாது, மனமுவந்து கொடுத்தால் வாங்கலாம் (952). ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரே ஒரு காணிக்கையைத்தான் தனக்கென வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு (951). அன்றைக்கு மூன்று பூசை வைத்து மூன்றையும் எடுத்துக்கொண்டார் என்றே வைத்தாலும், ஒரு சாதாரண ஆண்டில் ஒரு குருவுக்கு அதிகபட்சம் 367 காணிக்கை. ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கருத்துகளை வாங்கக் கூடாது (953). ஒவ்வொரு பங்கிலும் தனிப் புத்தகம் இருக்க வேண்டும். அதில் எண்ணிக்கை, கருத்து, காணிக்கை, நிறைவேறியதா என்பது பதிவாக வேண்டும், மறைமாவட்டம் அதை ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும் (958). மலங்கரை போன்ற கீழைச் சபைகளுக்கு 1990இல் வந்த தனித் தொகுப்பு உண்டு.

நவம்பர் 2க்குத் தனிக் கணக்கு. 1915இல் முதல் உலகப் போரின் சாவுகளுக்கு நடுவே 15ஆம் பெனடிக்ட் ஒவ்வொரு குருவும் அன்று 3 பூசை வைக்க அனுமதித்தார். ஒன்று கேட்டவர் கருத்துக்கு, ஒன்று இறந்த எல்லாருக்கும், ஒன்று பாப்பரசரின் கருத்துக்கு.

பலருடைய பெயரை ஒரே பூசையில் வரிசையாக வாசிக்கிறார்களே, அது சரியா? 1991 ஆணைப்படி, கொடுப்பவர்கள் தெரிந்தே சம்மதித்திருக்க வேண்டும், வாரத்தில் 2 நாளுக்கு மேல் கூடாது, குரு ஒரு காணிக்கைக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. 2025 ஏப்ரல் 13 அன்று வத்திக்கானின் குருக்கள் துறை இதைப் புதுப்பித்து வெளியிட்ட ஆணை ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக் கருத்தை அனுமதிப்பதா என்பதை அந்தந்தப் பகுதி ஆயர்களிடம் விடுகிறது. கொடுப்பவரின் வெளிப்படையான சம்மதத்தை அதுவும் கேட்கிறது. தனிப் பூசைதான் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைக் கூட்டத்தில் சேர்க்க முடியாது.

கையில் காசே இல்லையென்றால்? 945ஆம் விதியின் இரண்டாம் பகுதி, காணிக்கை கிடைக்காவிட்டாலும் விசுவாசிகளின், குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றும்படி குருக்களைப் பலமாகக் கேட்டுக்கொள்கிறது. பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கும்போது இந்த விதி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.